டவுனிங் தெருவும் நம்ம தெருவும்

2020 மே 20, புதன்கிழமை. ராத்திரி பத்தரை மணிக்கு நீங்க எங்கே இருந்தீங்க?

ரொம்ப யோசிக்காதீங்க. வீட்டுலதான் இருந்தீங்க! நாடே வீட்டுலதான் இருந்துச்சு. முத்துப்பேட்டையில அது ரமலான் மாசத்தோட கடைசிப் பத்து நாள். பள்ளிவாசல் கேட்டுக்குப் பூட்டு. சாயங்காலம் நோன்புக் கஞ்சிக்கு வாளியைத் தூக்கிட்டு ஓடுற பொடிப் பசங்க அந்த வருஷம் ஓடவே இல்லை. பஸ் ஸ்டாண்டு வெறிச்சோடிக் கிடந்துச்சு. தராவீஹ் தொழுகையைக்கூட மொட்டை மாடியிலயும் ஹால்லயும் தொழுதுட்டுப் படுக்கப் போனோம்.

நாம பாய் விரிச்ச அதே நேரத்துல லண்டன்ல மணி சாயங்காலம் ஆறு. டவுனிங் தெரு 10-ம் நம்பர் வீட்டுத் தோட்டத்துல, அதாவது பிரிட்டன் பிரதமர் வீட்டுத் தோட்டத்துல, ஒரு பார்ட்டி ஆரம்பம். நூறு பேருக்கும் மேல இ-மெயில் அழைப்பு. ‘உங்க சரக்கை நீங்களே கொண்டு வாங்க'ன்னு அதுல ஒரு குறிப்பு வேற! அந்த வாரம் பிரிட்டன்ல சட்டம் என்ன தெரியுமா? வெளியிடத்துல, வேற வீட்டு ஆள் ஒரே ஒருத்தரைத்தான் சந்திக்கலாம்.

சட்டத்தைப் போட்டது யாரு? அதே 10-ம் நம்பர்தான்!

‘லண்டன்ல எவனோ குடிச்சதுக்கு முத்துப்பேட்டையில என்னப்பா பேச்சு?'ன்னு கேக்குறீங்களா? இருக்கு பாஸ். நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் ஒரு போன் கால் தூரம்தான்.

காக்கா பார்த்த ஜனாஸா

என் நண்பனோட பெரியம்மா மகன் ஒருத்தர் ஈஸ்ட் ஹாம்ல கடையில வேலை பார்க்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் ‘காக்கா'. ஈஸ்ட் ஹாம் பத்தி உங்களுக்கே தெரியும். லண்டன்ல தமிழ்ப் போர்டு மாட்டின கடைகள் வரிசையா இருக்கிற இடம். அது நியூஹாம் பகுதியைச் சேர்ந்தது. 2020 மே 1-ம் தேதி பிரிட்டன் அரசோட புள்ளிவிவர அலுவலகம் ஒரு கணக்கு வெளியிட்டுச்சு. கொரோனா சாவு விகிதம் இங்கிலாந்திலேயே மிக அதிகமா இருந்த பகுதி அந்த நியூஹாம்தான். கடை, பஸ், டாக்ஸி, ஆஸ்பத்திரின்னு வெளியே போய்ச் செய்யுற வேலையில இருக்கிறவங்க. ஒரே வீட்டுல நெருக்கி இருக்கிறவங்க. ‘வீட்டுல இருந்தே வேலை பாருங்க'ன்னா இவங்க எப்படிப் பார்ப்பாங்க?

அந்த ஜூன் மாசம் காக்காவோட வாப்பா இங்கே ஊர்ல மவுத்தாயிட்டார். கொரோனா இல்லை, நெஞ்சு வலி. வழக்கமான சர்வதேச விமானம் எல்லாம் நின்னு போயிருந்த நேரம். ‘வந்தே பாரத்' ஸ்பெஷல் ஃப்ளைட் லிஸ்ட்ல பேர் வர்றதுக்குள்ளே நாற்பதாம் நாளே முடிஞ்சிடும். அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு விதி. இருபத்தோராவது ஆளா, வீடியோ கால்ல நின்னார் காக்கா. நடுவுல நெட் கட்டாயிடுச்சு. மறுபடி லைன் கிடைக்கும்போது எல்லாரும் கையைக் கழுவிட்டு இருந்தாங்க.

2021 டிசம்பர்ல பார்ட்டி கதை எல்லாம் பேப்பர்ல வந்ததும் என் நண்பன் போன் போட்டான். “என்ன காக்கா, உங்க ஊர்லயுமா இப்படி?” காக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலையாம். அப்புறம், “வாப்பா முகத்தைக்கூட பார்க்காம ரூல்ஸை மதிச்சேன்டா தம்பி”ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாராம்.

இதுதான் மேட்டர். பிரிட்டன் ஜனங்களுக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது பாட்டிலைப் பார்த்து இல்லை. தாங்க கட்டுப்பட்டு இழந்தது என்னன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால வந்த ஆத்திரம்.

கை குலுக்கியதில் இருந்து...

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக் போவோமா?

2020 மார்ச் 3. பிரதமர் போரிஸ் ஜான்சன் நிருபர்களைச் சந்திக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனேன், கொரோனா நோயாளிகளும் அங்கே இருந்தாங்க போல, எல்லாரோடயும் கை குலுக்கினேன்னு பெருமையாச் சொல்றார். மார்ச் 23-ம் தேதிதான் ஊரடங்கு. 27-ம் தேதி அவருக்கே பாசிட்டிவ். ஏப்ரல் 6-ம் தேதி ஐ.சி.யூ. பிழைச்சு வந்தார். அப்போ நாடே அவருக்காக உருகினது உண்மை.

அந்த உருக்கம் நிலைக்கலை. அவரோட தலைமை ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸ், ஊரடங்கு நேரத்துல குடும்பத்தோட லண்டன்ல இருந்து டர்ஹாமுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல கார்ல போன விஷயம் வெளியே வந்துச்சு. அங்கே இருந்து பார்னார்ட் காசிலுக்கு ஒரு டிரிப் வேற. மே 25-ம் தேதி அதே 10-ம் நம்பர் தோட்டத்துல உட்கார்ந்து விளக்கம் கொடுத்தார். என்ன விளக்கம்? கண் பார்வை சரியா இருக்கா, லண்டன் வரை கார் ஓட்ட முடியுமான்னு பார்க்கத்தான் ஓட்டினாராம்! கண் டெஸ்ட்டுக்கு கார் எடுத்த முதல் மனுஷன்! அன்னிக்கு நம்ம ஊர்ல பெருநாள். ஈத்கா திடல் காலி. கட்டிப் பிடிச்சு வாழ்த்துச் சொல்ல ஆள் இல்லாம செல்போன்ல வாழ்த்து சொல்லிட்டு இருந்தோம்.

கம்மிங்ஸ் மன்னிப்புக் கேட்கலை. பதவியும் போகலை. 2021 ஏப்ரல் 16 ராத்திரி மறுபடியும் 10-ம் நம்பர்ல ரெண்டு பார்ட்டி. மறுநாள் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு. விதியை மதிச்சு மகாராணி எலிசபெத் ஒத்தை ஆளா, மாஸ்க்கோட, ஒரு பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்திருந்த படத்தை உலகமே பார்த்துச்சு. நாட்டோட மகாராணிக்கே ஒரு சட்டம், அவங்க பிரதமரோட ஆபீஸுக்கு ஒரு சட்டம்!

கடைசியில போலீஸ் விசாரிச்சு 83 பேருக்கு 126 அபராதம் போட்டுச்சு. 2022 ஏப்ரல்ல ஜான்சனுக்கும், அப்போ நிதி அமைச்சரா இருந்த ரிஷி சுனக்குக்கும் ஆளுக்கு ஒண்ணு. எவ்வளவு? 50 பவுண்டு. நம்ம காசுல ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். பதவியில இருக்கும்போதே சட்டத்தை மீறினதா தண்டிக்கப்பட்ட முதல் பிரிட்டன் பிரதமர்னு ஜான்சன் பேர் வாங்கினார். அந்த ஜூலையிலேயே பதவி விலகுறதா அறிவிச்சார். 2023 ஜூன்ல எம்.பி. பதவியும் போச்சு. பார்ட்டி விஷயத்துல நாடாளுமன்றத்தையே தவறா வழிநடத்தினார்னு அவங்க நாடாளுமன்றக் குழுவே எழுதி வெச்சுட்டுது.

ஒரே ஆகஸ்ட்... ஒரே தேதி!

சரி, இப்போ நம்ம ஏரியா. காலேஜ் மேட்டர்!

2020 ஆகஸ்ட் 13. இங்கிலாந்துல ஏ-லெவல் ரிசல்ட். நம்ம பிளஸ் டூ மாதிரின்னு வெச்சுக்குங்க. பரீட்சை நடக்கலை. அதனால வாத்தியார் ஒரு கிரேடு போட, கம்ப்யூட்டர் கணக்கு ஒண்ணு அதைத் திருத்துச்சு. ‘இந்த ஸ்கூல்ல போன வருஷங்கள்ல எத்தனை பேர் நல்ல மார்க் வாங்கினாங்க?'ன்னு பார்த்து இந்த வருஷத்துப் பசங்களுக்குப் போட்டுச்சு. விளைவு? வாத்தியார் போட்ட கிரேடுகள்ல ஏறக்குறைய 40 சதவீதம் கீழே இறங்கிடுச்சு. ஏழை ஏரியா ஸ்கூல்ல ஒருத்தன் முதல் தடவையா பிரமாதமாப் படிச்சிருந்தா அவன் கதி அதோகதி! பத்துப் பதினஞ்சு பேர் படிக்கிற தனியார் ஸ்கூல் வகுப்புகளுக்குச் சேதாரம் கம்மி. பசங்க மாஸ்க் போட்டுக்கிட்டுத் தெருவுல இறங்கினாங்க. நாலே நாள்ல, ஆகஸ்ட் 17-ம் தேதி அரசு பல்டி! வாத்தியார் போட்ட கிரேடே செல்லும்னு அறிவிப்பு.

அதிகாரிகள் சிலருக்கு வேலை போச்சு. கல்வி அமைச்சர் கேவின் வில்லியம்சன் மட்டும் அப்படியே இருந்தார். ஆகஸ்ட் 26-ம் தேதி பிரதமர் ஜான்சன் ஒரு ஸ்கூலுக்குப் போய், எல்லாத்துக்கும் காரணம் அந்தக் கம்ப்யூட்டர் கணக்குதான்னு பழியை அது தலையில போட்டுட்டு வந்தார். பாவம், அதுக்கு வாய் இல்லை!

அதே 2020 ஆகஸ்ட் 26. இங்கே நம்ம முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிவிப்பு விட்டார். ஞாபகம் வருதா? ‘அரியர் ஆல் பாஸ்!' பரீட்சைக் கட்டணம் கட்டியிருந்தா போதும், அரியர் பேப்பர் பாஸ். அடேங்கப்பா, என்ன கொண்டாட்டம்! ‘அரியர் மாணவர்களின் அரசனே'ன்னு பேனர், போஸ்டர், மீம்ஸ். இருபது அரியர் வெச்சிருந்த அண்ணன்கள் எல்லாம் ஒரே நாள்ல பட்டதாரி ஆனாங்க.

சிரிச்சாச்சா? இப்போ மீதிக் கதை. ஏ.ஐ.சி.டி.இ. ஒத்துக்கலை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. தேர்வே வைக்காம பாஸ் போடுறதை ஏத்துக்க முடியாதுன்னு 2021 ஏப்ரல்ல நீதிமன்றம் சொல்லிடுச்சு. நடுவுல எட்டு மாசம், ‘நான் பாஸா ஃபெயிலா?'ன்னு தெரியாமலே ஒரு கூட்டம் தவிச்சுது. தேர்தல் அடுத்த வருஷம். அறிவிப்பு இந்த வருஷம். கணக்கு நமக்கா புரியாது?

லண்டன் பசங்க மார்க் குறைஞ்சதும் ரோட்டுக்கு வந்தாங்க. நாம மார்க்கைச் சும்மா தந்ததும் பேனர் கட்டினோம். ரெண்டு அரசும் மாணவனை உட்கார வெச்சுப் பேசலைங்கிறதுதான் பொது விஷயம். நெட் இல்லாதவன் ஆன்லைன் கிளாஸை எப்படிப் படிச்சான், செல்போனே இல்லாத வீட்டுப் பொண்ணு என்ன பண்ணினா... இதுக்குப் பதிலை ரெண்டு பேரும் சொல்லலை.

நம்ம தெருவுக்கு வருவோம்

அடுத்தவன் வீட்டு ஓட்டையை எண்ணிட்டு நம்ம கூரையைப் பார்க்காம இருக்கலாமா?

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் மோடி பேசினார். பன்னிரண்டு மணிக்கு 130 கோடி பேருக்குப் பூட்டு. நாலு மணி நேரம்! ஊர் திரும்ப வழியில்லாம லட்சக்கணக்கான தொழிலாளிகள் நடந்தாங்க. எத்தனை பேர் வழியில செத்தாங்கன்னு செப்டம்பர்ல நாடாளுமன்றத்துல கேட்டப்போ, அப்படி ஒரு கணக்கே இல்லைன்னு மத்திய அரசு பதில் சொல்லுச்சு.

டெல்லி மாநாட்டுக்குப் போய் வந்தவங்களைச் சாக்கா வெச்சு, நோய்க்கே ஒரு மதச் சாயம் பூசினதை நம்ம ஊர் மாதிரி ஊர்கள் மறக்காது. மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் மேல போட்ட வழக்குகளை ரத்து பண்ணின மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, அவங்களைப் பலிகடா ஆக்கியிருக்காங்கன்னு 2020 ஆகஸ்ட்ல சொன்னப்போ, அந்தச் செய்தி எத்தனை டி.வி.யில ஓடுச்சு?

தமிழ்நாட்டுல? 2020 ஏப்ரல் நடுவுல, இன்னும் மூணு நாள்ல புதுத் தொற்று பூஜ்ஜியமாயிடும்னு முதல்வர் நம்பிக்கை சொன்னார். 24-ம் தேதி, சென்னை, கோவை, மதுரையில 26-ல இருந்து முழு ஊரடங்குன்னு அறிவிப்பு. நடுவுல கிடைச்ச ஒரே நாள்ல ஜனம் மொத்தமும் காய்கறிக் கடையில! அப்புறம் கோயம்பேடு கதை உங்களுக்கே தெரியும். மே 7-ம் தேதி, கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் பூட்டியிருக்க டாஸ்மாக் மட்டும் திறந்துச்சு. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னா, அரசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் திறந்துச்சு. அதே அரசு, தொற்றைக் காரணம் காட்டி அக்டோபர் 2 கிராம சபையை மட்டும் ரத்து பண்ணுச்சு. வரிசையில நின்னு குடிக்கலாம். வட்டமா உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடாது!

எல்லாத்துக்கும் மேல, சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வெச்சிருந்தாங்கன்னு சொல்லி 2020 ஜூன் 19-ம் தேதி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடிச்சுட்டுப் போச்சு. நாலு நாளுக்குள்ளே அப்பாவும் மகனும் பிணம். சி.பி.ஐ. விசாரிச்சு போலீஸ்காரங்க மேலேயே கொலைக் குற்றச்சாட்டு வெச்சுது. டவுனிங் தெருவுல விதியை மீறினா 50 பவுண்டு. சாத்தான்குளத்துல மீறினதாச் சொன்னாலே ரெண்டு உயிர். இதைப் படிச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்க.

ஆட்சி மாறினா காட்சி மாறிடுமா? 2021 ஏப்ரல்ல தேர்தல் கூட்டம் போடாத கட்சி எது? ரெண்டாவது அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்புன்னு ஏப்ரல் 26-ம் தேதி உயர் நீதிமன்றமே கொதிச்சுது. மே 7-ல ஸ்டாலின் முதல்வரானார். மே 22-ம் தேதி, 24-ல இருந்து தளர்வில்லா ஊரடங்குன்னு சொல்லிட்டு, நடுவுல ரெண்டு நாள் கடையும் பஸ்ஸும் திறந்து விட்டாங்க. மறுபடியும் அதே கூட்டம், அதே நெரிசல்! போன வருஷப் பாடத்தை யாரும் படிக்கலை.

நல்லதையும் சொல்லணும். 2020-ல பழனிசாமி ஜூன் 12-ம் தேதியே மேட்டூர் அணையைத் திறந்தார். எட்டு வருஷத்துக்கு அப்புறம் உரிய காலத்துல திறந்த தண்ணி. கஜாவுல 2018-ல தென்னையும் கூரையும் போய் நொந்து கிடந்த டெல்டாவுக்கு அந்தக் குறுவை ஓர் ஆறுதல். 2021 மே 30-ம் தேதி ஸ்டாலின் கவச உடை போட்டுக்கிட்டு கோவை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி கொரோனா வார்டுக்குள்ளேயே போய் வந்தார். ஜனங்க இதையும் பார்த்தாங்க. கோபப்படத் தெரிஞ்சவங்களுக்கு நன்றி சொல்லவும் தெரியும்.

கோபத்தை என்ன பண்றது?

கோபம் ரெண்டு ஊருக்கும் பொதுதான். அதை அந்த ஊர்க்காரங்க எங்கே கொண்டு போனாங்கன்னு பாருங்க.

ஒண்ணு: மார்கஸ் ராஷ்ஃபோர்டு. கால்பந்து பார்த்தா இவரைத் தெரியாம இருக்காது. 2020 ஜூன்ல அவருக்கு வயசு 22. கோடை லீவுல ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு உதவி கிடையாதுன்னு அரசு சொல்லிட்டு இருந்துச்சு. சின்ன வயசுல தானும் அந்தச் சாப்பாட்டை நம்பியிருந்ததை எழுதி, எம்.பி.க்களுக்கு ஜூன் 15-ம் தேதி ஒரு கடிதம் போட்டார். மறுநாளே அரசு இறங்கி வந்துச்சு. ஒரு கடிதம், ஒரே நாள், பத்து லட்சத்துக்கும் மேல பிள்ளைகளுக்குச் சாப்பாடு!

ரெண்டு: 2021 மார்ச்ல, உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் தேம்ஸ் நதிக்கரையில ஒரு சுவர்ல சிவப்பு இதயம் வரைய ஆரம்பிச்சாங்க. ஓர் உயிருக்கு ஓர் இதயம். சுமார் அரை கிலோமீட்டர் நீளம். எதிர்க்கரையில நாடாளுமன்றம். அதுக்கு நேரா, பார்க்காம போக முடியாத இடத்துல! அந்தச் சுவரை ஒட்டின செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியிலதான் ஜான்சன் பிழைச்சு வந்தார்.

மூணு: அதே குடும்பங்கள் விடாம கேட்டதுல பொது விசாரணை வந்துச்சு. நீதிபதி ஹாலெட் தலைமையில. பிரதமர், அமைச்சர், ஆலோசகர் எல்லாரும் கூண்டுல நின்ன மாதிரி நின்னாங்க. அவங்களோட வாட்ஸ்அப் மெசேஜைக்கூட எடுத்துப் படிச்சாங்க. 2025 நவம்பர் 20-ம் தேதி வந்த அறிக்கை, நடவடிக்கை ‘ரொம்பக் குறைவு, ரொம்பத் தாமதம்'னு சொல்லிடுச்சு. ஒரே ஒரு வாரம் முன்னாடி ஊரடங்கு போட்டிருந்தா, முதல் அலையில இங்கிலாந்துல மட்டும் சுமார் 23,000 உயிர் பிழைச்சிருக்கும்கிறது அதோட கணக்கு.

போன உயிர் திரும்பாதுதான். ஆனா, ‘என் வாப்பா ஏன் செத்தார்?'னு கேட்டவனுக்கு ஒரு பதில் கிடைச்சுது.

நமக்கு? இந்தியாவுல கொரோனாவால நேரடியாவும் மறைமுகமாவும் 2020, 2021-ல 47 லட்சம் பேர் செத்திருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2022-ல மதிப்பிட்டுச்சு. அந்த ரெண்டு வருஷத்துக்கு அரசுக் கணக்குல இருந்தது சுமார் 4.8 லட்சம்தான். கணக்குப் போட்ட முறையே தப்புன்னு மத்திய அரசு மறுத்துடுச்சு. சரி, தப்புன்னே இருக்கட்டும். எது சரின்னு எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு, பொதுவுல விசாரிக்கலாமே?

கேட்டா கிடைக்காதா? கிடைக்கும். சென்னையில கொரோனா சாவுக் கணக்கு இடிக்குதேன்னு 2020 ஜூன்ல பத்திரிகைகளும் சமூக ஆர்வலர்களும் விடாம கேட்டாங்க. அரசு ஒரு குழு போட்டுச்சு. விட்டுப் போன 444 சாவுகளை ஜூலை 22-ம் தேதி கணக்குல சேர்த்தாங்க. 444 வீடுகள்ல, ‘ஆமா, உங்க ஆள் இதனாலதான் செத்தார்'னு அரசாங்கம் ஒத்துக்கிச்சு. கேள்விக்கு அவ்வளவு பவர்!

பத்து ரூபா போதும்

‘நாம என்ன ராஷ்ஃபோர்டா?'ன்னு கேட்காதீங்க. பத்து ரூபா இருக்கா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபா கட்டணம். முப்பது நாளுக்குள்ளே பதில் வரணும். எங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில எத்தனை ஆக்சிஜன் படுக்கை இருக்கு, எத்தனை டாக்டர் பணியிடம் காலி, கொரோனா நேரத்துல வாங்கின மெஷின் இப்போ ஓடுதா, இல்லை துணி போட்டு மூடியிருக்கா? எழுதிக் கேளுங்க. பதில் வரலைன்னா மேல்முறையீடு பண்ணுங்க. இன்னொரு போனஸ்: உங்க பரீட்சை விடைத்தாளையே இந்தச் சட்டத்துல கேட்டுப் பார்க்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே சொல்லிடுச்சு!

பதினெட்டு வயசு ஆயிடுச்சா? ஜாம்பவானோடை மாதிரி ஊராட்சியில இருக்கிறவங்க கிராம சபைக்குப் போங்க. வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலும் தாத்தா பாட்டிங்கதான் உட்கார்ந்திருப்பாங்க. நீங்க நாலு ஃப்ரெண்ட்ஸோட போய் உட்கார்ந்தா கூட்டம் நடத்துறவங்க நிமிர்ந்து உட்காருவாங்க! பேரூராட்சிக்காரங்க வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அது ரொம்பப் பக்கம்.

மீம் போடுங்க, வேணாம்னு சொல்லலை. சிரிக்கலைன்னா நாம அந்த ரெண்டு வருஷத்தைத் தாண்டியிருக்கவே மாட்டோம். ஆனா மீம் ஒரு நாள்ல ஸ்க்ரோல் ஆயிடும். மனு ஃபைல்ல நிக்கும்.

போன வருஷம் காக்கா ஊருக்கு வந்திருந்தார். முதல் வேலையா கபர்ஸ்தானுக்குப் போனார். நாங்களும் கூடப் போனோம். ரொம்ப நேரம் நின்னுட்டு, திரும்பி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அங்கே எங்களுக்கு ஒரு சுவராச்சும் இருக்கு. இங்கே எங்கேடா எழுதி வெச்சிருக்கீங்க?”

எங்ககிட்ட பதில் இல்லை. உங்ககிட்ட இருக்கா?